மாடியில் சோலார் போட வைப்பது எது?

தமிழ்நாட்டில் ஒரு வீடு இரண்டு மாதத்தில் 500 யூனிட் கரண்ட் செலவழித்தால், 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பில் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை எட்டு ரூபாய் 40 காசுதான், ஆனால் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2 ரூபாய் 35 காசு என்ற குறைந்த விலை கிடைக்காமல் போய், அந்த நூறு யூனிட்டும் 4 ரூபாய் 70 காசுக்கு ஏறிவிடுகிறது. ரீடிங் எடுக்க நாலு நாள் தாமதமானால் வீட்டில் எல்லோரும் பதறுவது இதனால்தான்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்நுட்பத்தைச் சாதாரண மக்கள் ஏன் வாங்குகிறார்கள், ஏன் வாங்காமல் தள்ளிப்போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு எதற்குக் கரண்ட் பில் கணக்கு என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் அந்த முடிவு இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது, பருவநிலை மாற்றம் பற்றிய செய்தியில் பிறப்பதில்லை. இது தெரியாமல் "விழிப்புணர்வு வந்துவிட்டால் மக்கள் தானாக மாறிவிடுவார்கள்" என்று நம்பிப் பணத்தையும் உழைப்பையும் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய நோக்கம் நல்லது, வழிதான் சுற்றுவழி.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். எல்இடி பல்பு, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன், மாடியில் போடும் சோலார் பேனல், சோலார் ஹீட்டர், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, கிராமத்துப் பக்கம் சாண எரிவாயுக் கலன், இதெல்லாம் இதில் வரும். ஆராய்ச்சியாளர்கள் இவற்றை மக்கள் "ஏற்பது" என்று சொல்லும்போது கடையில் காசு கொடுத்து வாங்குவதை மட்டும் சொல்வதில்லை. வாங்கி, பழகி, ரிப்பேர் ஆனால் சரிசெய்து, தொடர்ந்து பயன்படுத்துவது வரைக்கும் எல்லாம் சேர்ந்ததுதான் ஏற்பு. பின்னால் சொல்லப்போகும் ஒடிசாக் கதைக்கு இந்த வித்தியாசம் தேவைப்படும்.

அக்கறை இருக்கிறது, ஆனால் கை நீளவில்லை

யாரிடம் கேட்டாலும் காற்று கெடக்கூடாது, ஏரி காயக்கூடாது, பிள்ளைகளுக்கு நல்ல பூமியை விட்டுப்போக வேண்டும் என்றுதான் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் கொஞ்சம் பேர்தான் கடைக்குப் போய் அதற்கேற்ற பொருளை வாங்குகிறார்கள். நுகர்வோர் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தெரியவரும் இடைவெளி இது. இதைப் பாசாங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்கறைக்கும் வாங்குவதற்கும் நடுவே விலை, பயம், அலைச்சல், வாடகை வீடு, "இப்போது இருப்பதே நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற நியாயமான எண்ணம், இத்தனையும் நிற்கின்றன.

இதில் பெரியது பணம். ஆனால் பணம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் புரியாது, ஒரு ஃபேனை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டை ஒட்டி. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம். நம் ஊர் வெயிலுக்கு 15 மணி நேரம் அதிகம் இல்லை.

இப்போது இரண்டு வீடுகளை வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் ஏசி உண்டு, இரண்டு மாதத்துக்கு 560 யூனிட், பில் 2,544 ரூபாய். அவர்கள் இரண்டு ஃபேனை மாற்றினால் 480 யூனிட்டுக்கு இறங்குவார்கள், பில் 1,679. ஒரே பில்லில் 865 ரூபாய் மிச்சம், காரணம் அந்த 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார்கள். ஒரு ஃபேன் மூவாயிரம் என்றால்கூட ஒன்றேகால் வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டாவது வீட்டில் ஏசி கிடையாது, 180 யூனிட்தான். முதல் நூறு இலவசம், மீதி 80 யூனிட்டுக்குத்தான் காசு. அவர்கள் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு மிச்சமாவது 94 ரூபாய். மூவாயிரம் ரூபாய் திரும்ப வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதே ஃபேன், அதே 40 யூனிட், பூமிக்கு அதே நன்மை. ஆனால் இரண்டாவது வீட்டுக்காரர் "வேண்டாம்" என்று சொன்னால் அவரிடம் அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பழைய ஃபேன் எப்படியும் காயில் எரிந்துபோய் மாற்றவேண்டி வரும் நாளில் அவரிடம் பேசினால் கணக்கே வேறு, அப்போது இரண்டு ஃபேன்களுக்கும் நடுவிலுள்ள விலை வித்தியாசத்தை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

இன்றைய பெரிய தொகை, நாளைய சின்ன மிச்சம்

சரி, கணக்கு லாபமாக வந்தாலும் பலர் வாங்குவதில்லையே, அது ஏன்? 1979இல் ஜெர்ரி ஹவுஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மக்கள் ஏசி வாங்கும் விதத்தை ஆராய்ந்தார். கரண்ட் குறைவாக எடுக்கும் ஏசிக்குக் கடையில் கொஞ்சம் கூடுதல் விலை, பின்னால் பில்லில் மிச்சம். வாங்குகிறவர்கள் அந்தப் பின்னால் வரும் மிச்சத்தை மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்று அவர் கண்டார். வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டிக் கடன் வாங்கியவர் எப்படி யோசிப்பாரோ அப்படித்தான் சாதாரணமாக எல்லோரும் யோசிக்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் இந்த வட்டி இன்னும் அதிகம். கையில் இருக்கும் காசுக்கு ஆயிரம் வேலை காத்திருக்கும் வீட்டில் மூன்று வருஷம் கழித்து வரும் லாபத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இந்தச் சிக்கலை எப்படி உடைப்பது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. எல்இடி பல்பு வந்த புதிதில் விலை எட்டாக்கனி, 2014இல் அரசு மொத்தமாக வாங்கும்போதே ஒரு பல்பு 310 ரூபாய். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் ஈஈஎஸ்எல் என்ற அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு வாங்க வாங்க, 2016இல் அந்தக் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. சில மாநிலங்களில் கையில் பத்து ரூபாய் கொடுத்துப் பல்பை எடுத்துக்கொண்டு மீதியைக் கரண்ட் பில்லோடு தவணையாகக் கட்டலாம் என்றும் வைத்தார்கள். இந்தத் தவணை எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மிச்சமாகும் இடமும் கரண்ட் பில், தவணை கட்டும் இடமும் அதே பில், ஆகவே குடும்பத்துக்குப் புதுச் செலவாகவே தெரியாது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் இந்தத் திட்டத்தில் போயின. இன்று மூலைக்கடையில்கூட குண்டு பல்பைத் தேடவேண்டியிருக்கிறது. இவ்வளவும் நடந்தது விலை இறங்கியதாலும் வாங்குவது சுலபமானதாலும்.

பக்கத்து வீட்டு மாடி

அடுத்தது, எனக்கு இந்த விஷயத்திலேயே அதிகச் சுவாரசியமான பகுதி. 2008இல் ராபர்ட் சியால்டினி உள்ளிட்ட உளவியல் அறிஞர்கள் கலிஃபோர்னியாவில் நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. நீங்கள் ஏன் கரண்டை மிச்சப்படுத்துகிறீர்கள் என்று மக்களைக் கேட்டார்கள். சுற்றுச்சூழல், சமூக நன்மை, காசு என்று வரிசையாகச் சொன்னவர்கள், "அக்கம்பக்கத்தினர் செய்வதால்" என்பதைக் கடைசியில் வைத்தார்கள். ஆனால் உண்மையில் யார் எவ்வளவு மிச்சப்படுத்துகிறார்கள் என்பதோடு ஒட்டிப் பார்த்தபோது, அந்தக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றையும்விட வலுவாகப் பொருந்தியது. அப்புறம் சான் மார்க்கோஸ் என்ற ஊரில் வீட்டுக் கதவுகளில் வெவ்வேறு வாசக அட்டைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். "பூமியைக் காப்போம்", "காசு மிச்சம்" என்ற அட்டைகளைவிட, "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள்" என்ற அட்டை தொங்கிய வீடுகளில் கரண்ட் செலவு அதிகமாகக் குறைந்தது.

நம்மை எது அசைக்கிறது என்று நமக்கே சரியாகத் தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள சேதி. ஆகவே "ஏன் வாங்கினீர்கள்" என்று படிவம் கொடுத்துக் கேட்டு எடுக்கும் கருத்துக்கணிப்புகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.

சோலாரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு பகுதியில் ஏற்கெனவே எத்தனை வீடுகளில் சோலார் இருக்கிறதோ அதைப் பொறுத்து அங்கே அடுத்த வீடு போடும் வாய்ப்பு கூடுகிறது என்று கலிஃபோர்னியாவைப் பற்றிய 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மாடியில் பளபளவென்று நிற்கும் பேனல் தெருவில் போகிறவர் கண்ணில் படுகிறது. வீட்டுக்குள் சுழலும் பிஎல்டிசி ஃபேன் யார் கண்ணிலும் படுவதில்லை, யாரும் வந்து "எவ்வளவு ஆச்சு, பில் எவ்வளவு குறைஞ்சுது" என்று கேட்பதும் இல்லை. அந்தக் கேள்விதான் விற்பனையாளரின் எந்தப் பேச்சையும்விடப் பெரியது, ஏனென்றால் பதில் சொல்கிறவருக்கு அதில் கமிஷன் கிடையாது.

இந்த உண்மை சோலாருக்கும் முந்தியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை விவசாயிகளிடம் எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விதை விற்பவரிடம், நம்பி விதைத்தது பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்து. அதுவும் எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் போடவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, விளைச்சலைக் கண்டபிறகு வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போனார்கள். இதை வைத்தும் இதுபோன்ற பல ஆய்வுகளை வைத்தும் எவரெட் ரோஜர்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் ஒரு புதுப் பொருள் சீக்கிரம் பரவ ஐந்து குணங்கள் வேண்டும் என்றார்: பழையதைவிட லாபமாக இருக்க வேண்டும், நம் பழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், சிக்கல் இல்லாமல் இருக்க வேண்டும், சின்ன அளவில் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும், பலன் பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்த ஐந்தில் நான்காவதைத்தான் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. எல்இடி பல்பை ஒன்று வாங்கி வராந்தாவில் மாட்டிப் பார்க்கலாம், பிடித்தால் அடுத்த மாதம் இன்னொன்று. சோலாரை அப்படிப் போட்டுப் பார்க்க முடியாது. மூன்று கிலோவாட் என்றால் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், மாடியில் 300 சதுர அடி, துளைபோட்டுக் கம்பி நட்டபிறகு "பிடிக்கவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்ல வழியில்லை. பேனல் 25 வருஷம் உழைக்கும் என்பதை மாடியில் நின்றுகொண்டு யாரும் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாத பொருளுக்கு நம்பிக்கைதான் மாற்று, அந்த நம்பிக்கையைத் தருவது ஏற்கெனவே போட்டவர்.

நம்பிக்கை உடையும் இடம்

அதனால்தான் ஒரு வீட்டில் வரும் ஏமாற்றம் பத்து வீட்டைத் தடுக்கிறது. சோலார் போட்ட பலருக்கு வரும் முதல் அதிர்ச்சி என்ன தெரியுமா? கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். மின்வாரிய இணைப்போடு சேர்த்துப் போடும், பேட்டரி இல்லாத அமைப்பு எல்லாமே அப்படித்தான், லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அதன் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுகொள்ளும். காரணம் நியாயமானது. ஆனால் 2012 வாக்கில் பல மணி நேர மின்வெட்டில் வெந்த மாநிலத்தில், "சோலார் இருந்தால் பவர் கட் இல்லை" என்று நினைத்துக்கொண்டு போடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது விற்கிறவருக்குத் தெரியும். அதை முதல் நாளே சொல்லாமல் விட்டால் அந்த வீட்டுக்காரர் அந்தத் தெரு முழுக்க எதிர்ப்பிரசாரம் செய்வார், அவர்மேல் தப்பும் இல்லை.

சோலார் ஹீட்டரிலும் இதே கதை. போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் குழாய்களிலும் டேங்க்கிலும் உப்புப் படிந்துவிடும், வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆளை வைத்துக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் சூடு குறையும். "சர்வீஸுக்கு ஃபோன் பண்ணினால் எடுக்கவே மாட்டேங்கிறான்" என்ற ஒரு வரி எத்தனை விற்பனையைக் கெடுத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒடிசாக் கதையை இங்கே சொல்ல வேண்டும். புகை குறைவாக வரும் மண் அடுப்புகளைக் கிராமங்களில் கொடுத்து, சுமார் 2,600 குடும்பங்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள். முதல் வருஷம் சமைக்கும் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது, அதற்குப் பிறகு அந்தப் பலன் காணாமல் போனது. பரிசோதனைக்கூடத்தில் நன்றாக வேலை செய்த அடுப்பு, வீட்டில் விரிசல் விட்டால் பூசிச் சரிசெய்ய வேண்டும், புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலைகள் நடக்கவில்லை, புது அடுப்போடு பழைய அடுப்பும் எரிந்துகொண்டே இருந்தது, விறகுச் செலவும் குறையவில்லை. கொடுத்தவுடன் ஏற்பு முடிந்துவிட்டது என்று எண்ணும் எந்தத் திட்டத்துக்கும் இதுதான் நடக்கும். அடுப்பை வடிவமைக்கும்போதே அதைத் தினமும் ஊதி எரிக்கிறவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இந்த ஆய்வைப் படித்தபிறகுதான்.

மானியம் என்ன செய்கிறது?

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பாருங்கள். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு மாதத்துக்கு 1,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடினால் 40 லிட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் நாலாயிரம். மின்சாரத்தில் அதே தூரத்துக்குச் சுமார் 60 யூனிட், எட்டு ரூபாய் நாற்பது காசு என்று போட்டாலும் 504 ரூபாய்தான். இவ்வளவு பளிச்சென்ற லாபம் இருந்தும், 2023 ஜூன் 1 முதல் மத்திய அரசின் மானியம் பேட்டரிக் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (அதாவது ஒரு யூனிட்டுக்கும்) 15,000 ரூபாய் என்பதிலிருந்து 10,000 ஆகவும், அதிகபட்ச வரம்பு விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 ஆகவும் குறைந்தவுடன், மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த பதிவு ஜூனில் பாதிக்கும் கீழே விழுந்தது. விலை ஏறுமுன் வாங்கிவிடலாம் என்று பலர் மே மாதமே வாங்கிவிட்டதும் அதில் ஒரு காரணம். அப்படிப் பார்த்தாலும் இரண்டு வருஷத்தில் வரப்போகும் பெட்ரோல் மிச்சத்தைவிட ஷோரூமில் சொல்லும் விலைதான் கண்ணில் நிற்கிறது என்பது தெளிவு, ஹவுஸ்மன் சொன்ன அதே விஷயம். அதற்கு முந்தைய வருஷம் சில ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் கிளப்பிய பயத்தைக் குறைத்தது கடுமையாக்கப்பட்ட பேட்டரிப் பாதுகாப்பு விதிகளும், சில நிறுவனங்கள் பேட்டரிக்குக் கொடுக்கத் தொடங்கிய 8 வருஷ வாரண்டியும். ஆளை வைத்துப் பேசிப் போக்க முடியாத பயத்தை ஒரு வாரண்டித் தாள் போக்கிவிடும்.

சோலாருக்கு 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். நல்ல தொகைதான். ஆனால் முழுப் பணத்தையும் முதலில் கட்டிவிட்டுப் பின்னால் வங்கிக் கணக்கில் மானியம் வரும்வரை காத்திருப்பதும், விண்ணப்பம், மீட்டர் மாற்றம், ஆய்வு என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பார்ப்பதும் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. என் கருத்து, இன்னொரு ஐயாயிரம் மானியத்தைக் கூட்டுவதைவிட இந்த அலைச்சலில் பாதியைக் குறைத்தால் அதிக மாடிகளில் பேனல் ஏறும்.

அப்படியானால் சுற்றுச்சூழல் அக்கறைக்கு வேலையே இல்லையா? உண்டு, அதுவும் முக்கியமான வேலை. கணக்கு கட்டுப்படியாகாத காலத்திலேயே, பக்கத்தில் பார்த்துக் கேட்க ஒரு வீடுகூட இல்லாதபோது, முதலில் துணிந்து போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அக்கறை உள்ளவர்கள்தான். அவர்கள் போட்டதால்தான் அடுத்தவருக்குப் பார்க்க ஒரு மாடி கிடைக்கிறது. ஆகவே அக்கறையுள்ளவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, போட்டபிறகு உங்கள் பில்லை மறைக்காமல் காட்டுங்கள், எது சரியில்லையோ அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசியாக, இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். மாடி வீட்டு ஓனருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது. செலவு ஒருவருக்கு, மிச்சம் இன்னொருவருக்கு என்றால் இருவருமே எதையும் போட மாட்டார்கள், எவ்வளவு விளம்பரம் செய்தாலும் சரி. ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள், பால்கனிக் கம்பியில் ஒன்றிரண்டு பேனலை மாட்டி வீட்டு பிளக்கிலேயே சொருகிக்கொள்ளலாம், 800 வாட் வரைக்கும் எளிய பதிவு போதும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். நம் ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர் இன்றைக்கே செய்யக்கூடியது ஃபேனை மாற்றுவது. பழைய ஃபேனைப் பத்திரமாகப் பரண்மேல் வைத்துவிட்டு, காலி செய்யும் நாளில் அதையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, உங்கள் பிஎல்டிசி ஃபேனை உங்களோடு எடுத்துக்கொள்ளலாம். வாங்குமுன் கடந்த ஒரு வருஷப் பில்களை எடுத்து, எத்தனை முறை 500ஐ ஒட்டிப் போயிருக்கிறது என்று பாருங்கள், அதில்தான் உங்கள் கணக்கு இருக்கிறது.